இரண்டு சுவரும் ஒன்றுபோல

ஜனவரி 9 – புதுக் கயிறு, எட்டுச் சுருள் – 41,600
ஜனவரி 23 – சுவரில் அடிக்க மர முளைகள் – 2,880
பிப்ரவரி 2 – வெள்ளைச் சாயம், தூரிகை – 1,950
பிப்ரவரி 6 – கொட்டகைக் கதவுக்குக் கண்ணாடி – 3,400
ஜூலை 29 – இரண்டாம் படகு, முன்பக்கப் பழுது – 63,250

இந்த ஐந்து செலவும் ஒரே ஆளால் வந்தவை. படகுத்துறையில் அவனுக்கு வட்டம் என்று பெயர். முதலாளியம்மாவின் தம்பி. அதைத் தவிர வேறு தகுதி எதுவும் துறையில் கணக்கு எழுதும் நான் அவனிடம் கண்டதில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நாற்பது வயதுக்குள் கோழி வளர்த்தான், கோழிகள் செத்தன. செருப்புக் கடை வைத்தான், கடைசியில் இடக்கால் செருப்புகள் மட்டும் மிஞ்சின. எப்படி என்று அவனுக்கே தெரியாது. மனைவி, இரண்டு பெண்களோடு மாமனார் வீட்டுப் பின்னறையில் ஒதுங்கினான். மாமனார் தினமும் காலையில், "மாப்பிள்ளை, ராத்திரி ரொம்ப நேரம் விளக்கு எரிஞ்சுதே, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்பாராம். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல்தான் அக்காவிடம் போய் அழுதான்.

முதலாளி ஓர் ஏற்பாடு சொன்னார். கயிற்றுக் கொட்டகையை ஜூலை வரை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காகப் பார்த்தால் படகுத்துறை மேலாளர் நாற்காலியும் அதோடு சேர்ந்த மாடி வீடும் அவனுக்கு. வீட்டில் இரண்டு அறை, தனிச் சமையலறை, தண்ணீரைப் பார்த்த ஜன்னல். மறுநாளே அவன் மனைவி வந்து ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டு போனாள்.

அவன் வரும் முன் கொட்டகை லட்சணமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் படகுகள் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போய்வருபவை. வேலை முடிந்ததும் ஓட்டிகள் ஈரக் கயிற்றை அப்படியே உள்ளே வீசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காலையில் சிக்கெடுக்கும்போது ஒருவன் தாயை இன்னொருவன் திட்டுவான். சோம்பேறிகள். அவர்களுக்கு வட்டம் தண்டனையாக வந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

உண்மையிலேயே உழைத்தான். ஒவ்வொரு கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, வளையம் வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் இறுக்கிக் கட்டி முளையில் மாட்டினான். ஒரு நூல் பிசிறு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. வலது சுவரில் பழைய கயிறுகள், அன்றாட உபயோகத்துக்கு. இடது சுவரில் புதியவை எட்டும், பார்வைக்கு. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். வாசலில் நின்று பார்த்தபோது எல்லா வளையங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது அவன் கண்ணை உறுத்தியது. இடது சுவரிலிருந்த எட்டையும் இறக்கி, எதிர்ப்பக்கமாகச் சுற்றி மாட்டினான். இப்போது இரண்டு சுவரும் ஒன்றையொன்று பார்த்துக் கைகூப்புவதுபோல் இருந்தன. அதன்பிறகுதான் கதவுக்குக் கண்ணாடி போட்டான்.

கயிறு முறுக்கிச் செய்த பொருள். எங்கள் கயிறுகளைக் கடிகாரம் போகும் பக்கம் சுற்றினால் அடங்கிக் கிடக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒவ்வொரு வளையமும் உள்முறுக்கோடு மல்லுக்கு நிற்கும். கட்டி வைத்திருக்கும்வரை அழகு. அவிழ்த்தால் துள்ளிப் பின்னிக்கொள்ளும். துறையில் டிக்கெட் கிழிப்பவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

மூத்த ஓட்டி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன சார், இந்தப் பக்கம் எல்லாத்தையும் தப்பாச் சுத்தியிருக்கீங்க?"

"தப்பு இல்ல. எதிரெதிர். வாசல்ல நின்னு பாருங்க, கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா கயிறு கண்ணாடி பார்த்துக்கிட்டு நிக்காதே சார்."

"ஓட்டற வேலைய நீங்க பாருங்க. சுத்தற வேலைய நான் பார்த்துக்கறேன்."

"பாருங்க, பாருங்க. அது சரி, ஒண்ணுக்கு நாலு கட்டு எதுக்கு?"

"அவிழாம இருக்க."

"அவிழ்க்கத்தானே சார் கயிறே வாங்கறோம்!"

அவர் சிரித்தார், மற்ற ஓட்டிகளிடம் சொல்லிச் சிரிக்கவைத்தார். ஒருவனும் முதலாளி காதில் போடவில்லை. தெரிந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு போகிறவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

ஜூலை 17 அன்று முதலாளியும் அம்மாவும் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். வட்டம் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். அவன் மனைவியும் பெண்களும் படிக்கட்டருகே நின்றார்கள். அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்து, "நம்ம வீட்டு அலமாரிகூட இப்படி இல்லைங்க" என்றாள். முதலாளி தலையாட்டினார். மாடி வீட்டுச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. வட்டம் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது திரும்பி வந்துகொண்டிருந்த இரண்டாம் படகின் எஞ்சின் நின்றது. காற்று படகைக் கல்கரைப் பக்கம் தள்ளியது. உள்ளே ஆட்கள் எழுந்து நின்று கூச்சல். "கயிறு! கயிறு!" என்று மூத்த ஓட்டி ஓடி வந்தார்.

வலது சுவரில் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல கயிறு தொங்கியது. அதை எடுக்கப்போனவரை வட்டம் தடுத்தான். "அது பழசு. அத்தான் முன்னாடி பழசையா எடுப்பீங்க?" இடது சுவரிலிருந்து புதியதைத் தானே இறக்கினான். முதல் கட்டு அவிழவில்லை. ஓட்டி கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க, வெட்டாதீங்க! அவிழ்த்துடலாம்!"

"யோவ், தள்ளுய்யா!"

நாலு கட்டும் அறுந்ததும் கயிறு கூடையிலிருந்து தப்பிய பாம்புபோல் எழுந்தது. ஓட்டி வீசினார். பாதி தூரம் போய், முஷ்டி அளவு முடிச்சாகச் சுருண்டு தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசுவதற்குள் படகு கல்லில் மோதிவிட்டது. முன்பக்கம் பிளந்தது. ஒரு பெரியவருக்கு இரண்டு பல் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, அது ஓட்டிகள் குதித்து இழுத்த புண்ணியம்.

வட்டம் என்ன செய்தான் என்பதையும் எழுதவேண்டும். நனைந்த கயிற்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "சரக்கு மட்டம் அத்தான், செய்யும்போதே கோளாறு" என்றான். முதலாளி காரில் ஏறினார். சாவி பையிலேயே போயிற்று. சாயங்காலம் வட்டம் அந்தக் கயிற்றை அலசிக் காயவைத்துச் சுற்றினான். அதே எதிர்ப்பக்கம்தான். அவன் மனைவி தைத்து எடுத்துவந்திருந்த திரைகளைப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு நடந்தாள். "இனி எங்கப்பா முகத்துல எப்படிங்க முழிக்கிறது?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் அடுத்த வளையத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

முதலாளி என்னிடம் விளக்கம் கேட்டு எழுதினார். இரண்டு சுவர்களையும் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பினேன். அடுத்த கடிதத்தில், "வீட்டில் பேச்சு நடக்கிறது, பொறுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். பேச்சு எப்படி நடந்திருக்கும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கடைசிக் கடிதம் இப்படி: "மச்சானை மேலாளராகப் போடுங்கள். வீட்டையும் கொடுங்கள். கொட்டகைச் சாவியை மூத்த ஓட்டியிடம் ஒப்படையுங்கள். மச்சான் இனிக் கயிற்றைத் தொடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எதையும் உடைக்கமாட்டான்."

மேலாளர் நாற்காலியின் மதிப்பு முதலாளிக்கு அவ்வளவுதான். அதில் பதினாறு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவரை நினைத்துக்கொண்டேன்.

மற்றதை மட்டும் வட்டத்துக்குப் படித்துக் காட்டிவிட்டு, கயிற்றைத் தொடக் கூடாது என்ற வரிக்குக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். வாசித்தான். வீடு கிடைத்த சந்தோஷம் முகத்துக்கு வரவேயில்லை. "இடது பக்கச் சுவரை மட்டும் கலைக்காம வச்சுக்கச் சொல்லி ஓட்டிகிட்ட சொல்றீங்களா?" என்று கேட்டான். சொல்லமுடியாது என்றேன். மூத்த ஓட்டி அதற்குள் எட்டையும் இறக்கித் தரையில் போட்டிருந்தார்.

கடிதம் வந்த தேதி: ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை.