வேகம் மட்டும் மிச்சம்

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் வேறு. வீடியோ எடிட்டிங் கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் 'ஸ்பீடு'. ஆள் ஒன்றும் அப்படி வேகமில்லை, ஒரு டீயை ஆறவைத்தே சாகடிப்பார். ஆனால் எந்த ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்தாலும் முதலில் வேகச் சோதனை ஓட்டிப் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "நம்பர் தெரியாம டிஸ்க்கத் தொடமாட்டேன்" என்பார். மற்ற எடிட்டர்கள் கேலி செய்வார்கள். தங்கள் டிஸ்க் மக்கர் பண்ணினால் அதே ஆட்கள் சத்தமில்லாமல் அவரிடம் கொண்டுவந்து நிற்பார்கள்.

ஒரு மத்தியானம் அக்கா துண்டில் சுற்றி ஒரு பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்தாள்.

"திறக்கவே ரொம்ப நேரம் எடுக்குதுடா. அத்தான் வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

அத்தான் இறந்துபோனபோது அவர்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அப்பா எப்படிப் பேசுவார் என்று நச்சரிக்கிறாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அத்தான் அளந்த கதைகளும் சுருதி சேராத பாட்டுகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

"காப்பி பண்ணிக் குடு, போதும்."

"பண்றேன்க்கா. முதல்ல எப்படி இருக்குன்னு பாத்துடறேன்."

டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கும் சோதனையைப் போட்டார். திரையில் வேகத்தைக் காட்டும் கோடு நன்றாகத்தான் கிளம்பியது. நடுவில் தொப்பென்று பள்ளத்தில் விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்தது. ஒயர் சரியில்லை என்று நினைத்தார். ஒயரை மாற்றி மறுபடி ஓட்டினார். மறுபடியும் விழுந்தது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். அங்கேயும் அதே கதை.

அக்காவின் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சின்னச் சோதனையைப் போட்டார். நம்பர் பிரமாதமாக வந்தது. வராமல் என்ன செய்யும்? கொஞ்சூண்டு தகவலையே திரும்பத் திரும்பக் கேட்டால், டிஸ்க் தகவல் பதிந்திருக்கும் தட்டைத் தொடாமல் தன் தற்காலிக நினைவிலிருந்தே எடுத்து நீட்டிவிடும். அந்த நம்பரை நம்பி ஏமாறாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதியவர் அவர்தான்.

"பாருக்கா, சும்மா பறக்குது!"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இவரும் ஏமாந்தார். முழுச் சோதனையும் ஒருமுறை சரியாக வந்துவிட்டால் நிம்மதியாகக் காப்பியைப் போடலாம் என்று அதை ஓடவிட்டு, அக்காவை எதிர்க்கடைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார்.

திரும்பி வந்தபோது டிஸ்க் 'கடக், கடக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை.

டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்கும் ஆட்களிடம் ஓடினார். தட்டு முழுக்கச் சுரண்டிப் போயிருக்கிறது, ஒன்றும் தேறாது என்று கைவிரித்துவிட்டார்கள். கடைக்கு வந்து பழைய கோடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பள்ளம் ஒரே இடத்தில். ஒயர் கோளாறு என்றால் பள்ளம் இடம் மாறியிருக்கும். ஒரே இடத்தில் விழுந்தால் புண் தட்டிலேயே இருக்கிறது, சோதனையை நிறுத்திவிட்டு உடனே காப்பி எடுக்க வேண்டும். இதையும் அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணின் மேலேயே தட்டைப் படிக்கும் ஊசியைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார், பாவி மனுஷன். தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

விஷயத்தைச் சொன்னபோது அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரையில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஓடுறப்ப டிஸ்க் வேலை செஞ்சுதுல்ல?"

"செஞ்சுதுக்கா."

"அவர் வீடியோ எல்லாத்தையும் படிச்சுதா?"

"படிச்சுது. மெதுவானாலும் முழுசாப் படிச்சுது. கடைசித் தடவையத் தவிர ஒவ்வொரு தடவையும்."

"அப்ப படிச்சதெல்லாம் எங்கடா?"

சோதனை எதையும் வைத்துக்கொள்ளாது. படிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, படித்ததை அப்படியே உதறிவிடும். கதையும் பாட்டுமாக அத்தானின் குரல் அத்தனை தடவையும் இந்த மேசைவரை வந்திருக்கிறது.

"வேகத்த மட்டுந்தான்க்கா எடுத்து வச்சேன்" என்றார்.