ஆறு தரம் ஏற்ற வேண்டிய மருந்து

ஆசுபத்திரியின் புற்றுநோய் வாட்டுத் தாதி, நோயாளிகளுக்கு 'மிஸி', பாதி நாள் மருந்து ஏற்றுவாள். மீதி நாள் அந்த மருந்து செய்த வேலைக்கு நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் என்னோடு இந்தப் பாடு பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் செல்லத்துரையண்ணையின் கதை.

குண்டிலிருந்து வந்தது

அவர் புத்தூரில் வெங்காயம் செய்கிற கமக்காரன், தாய்க்கு ஒரே மகன். கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஆறு தரம் மருந்து ஏற்றினால் தப்பலாம் என்றார் டொக்டர்.

"உது எங்கையிருந்து வந்த மருந்து?" என்று செல்லத்துரையண்ணை முதல் நாளே என்னிடம் கேட்டார். படித்த காலத்தில் கேட்டதைச் சொன்னேன். உலக யுத்தத்தில் குண்டுக்குள் அடைக்கவென்று செய்த நச்சுவாயு பட்டவர்களின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து போயின. அப்படியானால் கெட்ட அணுக்களையும் அது கொல்லும்தானே என்று யோசித்து, கட்டி வந்த ஒருவருக்கு அந்தச் சரக்கில் செய்த மருந்தை ஏற்றினார்கள். கட்டி கரைந்தது, கொஞ்ச நாளில் திரும்பியும் வந்தது. பல மருந்தைச் சேர்த்து, இடைவிடாமல், தவணை தவறாமல் ஏற்றவேண்டும் என்று பிறகுதான் பிடிபட்டது.

வெளியே குண்டு போடுகிற பொம்பர் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்கடை தோட்டத்துக்குள்ளை விழுந்து வெடிக்காமல் கிடக்கிற குண்டையும் ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோ மிஸி, ஏதும் மருந்து இருக்கும்."

தாய் இருக்க மொட்டை

இரண்டாம் தரத்தோடு முடி தலையணையில் கொத்துக் கொத்தாக விழுந்தது. மனிதர் தானே மொட்டையடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். அங்கேதான் பிழை விட்டார். எங்களூரில் வளர்ந்த ஆம்பிளை மொட்டையோடு வந்தால், தாய் தகப்பனில் ஒருவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிறான் என்றுதான் நினைப்பார்கள். துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பேருக்குப் வாசல் படலையைத் திறந்துவிட்டது அவருடைய தாய் அன்னப்பிள்ளையம்மா.

மூன்றாம் தரத்துக்கு மகனோடு வந்த அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "என்ரை செத்தவீட்டுக்கு வந்தவைக்கு நானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான், மிஸி."

அடுத்த கிழமை

நாலாம் தரத்துக்குப் பிறகு கட்டி கைக்கு அகப்படவில்லை. அவர் திரும்ப வெங்காயம் நட்டார். ஐந்தாம் தரத்துக்கு வந்த அன்று மருந்து அலமாரி வெறுமை. யுத்தத்தில் தரைப்பாதை பூட்டு, கொழும்பிலிருந்து கப்பல் வரவேண்டும். கப்பலுக்கு அரசாங்கத்தின் அனுமதி வரவில்லை. "அடுத்த கிழமை வாங்கோ அண்ணை" என்றேன். சைக்கிளில் வந்தார். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். ஐந்து கிழமை சொன்னேன், வெட்கமில்லாமல்.

கடைசியாக வந்தபோது கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார். அவிழ்த்துப் பார்த்தேன், கட்டி திரும்பியிருந்தது. எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. ஆறுதல் சொன்னது அவர்: "அழாதேங்கோ மிஸி. தண்ணி இறைப்பை இடையிலை விட்டால் வெங்காயமும் உப்பிடித்தான்."

பெட்டி வந்தது

அவர் செத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்த மறுகிழமை மருந்துப் பெட்டி வந்து இறங்கியது. அன்றைக்கென்று பார்த்து அன்னப்பிள்ளையம்மா கிளினிக் கொப்பியைத் திருப்பித் தர வந்தார். மகன் நட்ட வெங்காயத்தில் ஒரு பிடியும் கொண்டுவந்திருந்தார்.

"உதுவோ அந்த மருந்து?" என்றார்.

"ஓம் அம்மா."

பெட்டியை ஒருமுறை தடவினார். பிறகு சொன்னார்: "நான் செத்தால் அடிக்க வேண்டிய மொட்டையை அவன் முன்னமே அடிச்சிட்டான், மிஸி. இனி எனக்கு ஆர் அடிக்கிறது?"

நஞ்சை மருந்தாக்கத் தெரிந்த உலகத்துக்கு, அதை ஒரு கப்பலில் ஏற்றித் தவணைக்கு அனுப்பத்தான் தெரியவில்லை.