வாளோடு துரத்தி வந்த வெள்ளை அங்கி

எண்பதுகளின் கடைசியில், ஒரு செப்டம்பர் மாதம், லண்டன் பிரிம்ரோஸ் ஹில் குன்றில் பட்டப்பகலில் நான் ஓடிய ஓட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்பும் பின்பும் பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியிருக்கிறேன். அதிலும் பாதி பஸ்கள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டன.

அப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு மேல்மாடி அறையில் இன்னும் மூன்று பேரோடு இருந்தேன். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். மகளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது நான்கு வயது. இருவரையும் இங்கே கூப்பிடக் கல்யாணப் பதிவும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் மூலப் பிரதியாகவே வேண்டும் என்று என் விண்ணப்பத்தைக் கவனித்த வக்கீல், அதாவது சொலிசிட்டர், சொல்லியிருந்தார். அந்த இரண்டு தாள்களும் கொழும்பு வழியாகக் கைமாறிக் கைமாறி, ஏழு மாதம் பயணம் செய்து என்னிடம் வந்து சேர்ந்தன. ஊரில் இப்படிப் பத்திரங்கள் தரும் அரச அலுவலகமான கச்சேரி பூட்டிக் கிடந்த காலம். தொலைந்தால் இன்னொரு பிரதி எடுக்க வழியே இல்லை.

அன்று ஒரு மணிக்குள் அவற்றைச் சொலிசிட்டரின் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு மணிக்குப் பிறகு அவர் விடுமுறையில் போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் போய்விடும்.

என் இங்கிலீஷ் பெற்றோல் பம்புக்குப் போதும், சொலிசிட்டருக்குப் போதாது. அதனால் அறையில் கூட இருந்த மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே வந்து தொழிற்சாலை ஒன்றில் பிஸ்கட் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்காலிலும் வாதம். ஐந்து படி ஏறினால் ஐந்து நிமிடம் நிற்பார்.

பிந்திவிடுவோமோ என்ற பயத்தில் பதினொரு மணிக்கே அந்த இடத்துக்குப் போய்விட்டோம். பக்கத்தில் குன்று இருந்தது. ஏறி, உச்சிக்குக் கிட்ட ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். காலடியில் ஒரே கடையின் இரண்டு பைகள். ஒன்றில் பத்திரங்கள், மற்றதில் மாஸ்டர் அவித்த இடியப்பமும் சம்பலும்.

"ஐசே, லண்டன் முழுக்க என்ன வடிவாத் தெரியுது பாரும்" என்றார் மாஸ்டர்.

"எனக்கு அந்தச் சொலிசிட்டரின்ர கதவு மட்டும்தான் தெரியுது மாஸ்டர்."

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை அங்கி. தலையையும் வெள்ளைத் துணி மூடியிருந்தது; முகம் அதன் நிழலுக்குள். ஒருவரும் பேசவில்லை. வரிசையாக எங்களை நோக்கி ஏறி வந்தார்கள்.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுற்றிவளைப்பு நாட்களில் இராணுவத்தினர் ஊர் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நடக்கவிடுவார்கள். வரிசையின் முடிவில் ஜீப்பில் ஓர் ஆள் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை ஆடினால் நடந்தவர் போய்விட்டார் என்று அர்த்தம். தலையாட்டி என்போம். நானும் ஒருமுறை நடந்தேன். எனக்கு முன்னால் போன தையல்காரருக்கு அந்தத் தலை ஆடியது. அவர் வீடு திரும்பவில்லை. எனக்கு ஆடவில்லை. "உன்னைப் பிடிச்சு அவங்களுக்கு என்ன லாபம்?" என்று மைத்துனர் பகிடி விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு, குளிருக்குத் துவாய் போர்த்தியவரைக் கண்டாலும் வேறு வழியால் சுற்றிப் போய்விடுவேன்.

வரிசையின் முன்னால் வந்தவனின் கையில் ஒரு வாள் இருந்தது.

காலடியில் இருந்த பையை எடுத்தேன், ஓடினேன். மாஸ்டரை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஓடினேன். அதை மறைக்க விரும்பவில்லை. நூறு யார் தூரம் போவதற்குள் மாஸ்டர் என்னை முந்திக்கொண்டு போனார். வாதத்துக்கு அவ்வளவு நல்ல மருந்து இருப்பது அதுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். வாள்காரன் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தான். அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, வாளை ஆட்டி ஆட்டி, ஏதோ கத்தியபடி. நாங்கள் பார்க் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, ஒரு டெலிபோன் பெட்டிக்குள் புகுந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டோம். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் ஒளித்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

அவன் கேட்டடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"பத்திரம் பத்திரமா இருக்கே?" மாஸ்டர் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

பையைத் திறந்தேன். இடியப்பம்.

"விசர் மனிசா!" என்றார் மாஸ்டர். அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. கடைசியில், "அவன் அங்கியைப் பிடிச்ச கையில ஒரு பையும் வைச்சிருந்தவன் ஐசே. உம்மட பையைத் தரத்தான் ஓடி வந்திருக்கிறான்" என்றார்.

திரும்பிக் குன்றடிக்குப் போனோம். நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் மாஸ்டர் விசாரித்தார். அவர் சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார்.

"அறுவடைப் பூசையாம் ஐசே" என்று மாஸ்டர் மொழிபெயர்த்தார். "கிறிஸ்தவம் வாறதுக்கு முந்தி இஞ்ச இருந்த பழைய சமயம். பேகன் எண்டு சொல்லுறது. இண்டைக்குப் பகலும் இரவும் சரிசமமாம். இனி இருட்டுக் கூடப்போகுது, அதுக்கு முதல் விளைஞ்சதுக்கு நன்றி சொல்லிப் பங்கிடுகினமாம். வருஷா வருஷம் நடக்குமாம்."

"பூசைக்கு ஏன் மாஸ்டர் வாள்?"

"எங்கட கோயில்ல சூலம் இல்லையே?"

"சூலம் ஆளைத் துரத்துறேல்ல."

மேலே வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் அப்பிளும் திராட்சையும் கோதுமைக் கதிரும் பெரிய பாண் ரொட்டியும் வைத்திருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில், வாளுக்குக் கீழே, என் பை. பாதுகாப்பான இடம் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஒவ்வொரு திசையாகத் திரும்பி ஒரே கேள்வியைக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"சமாதானமோ எண்டு கேக்கினம். சமாதானம் எண்டு சொல்லுகினம்" என்றார் மாஸ்டர். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் நாலு திசையிலிருந்தும் நாலு அறிக்கை வரும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் கண் பையில்தான் இருந்தது.

மணி பன்னிரண்டரை. பூசை முடிய ஒரு மணி தாண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"நீங்கள் போய் எடுத்துத் தாங்கோ மாஸ்டர்."

"உம்மட பெண்சாதி பிள்ளை ஐசே. நீர் போம். நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்."

போனேன். பூசைதான், பாணும் பழமும்தான் என்று எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன். வட்டத்துக்குள் நுழைய ஓர் இடைவெளி இருந்தது. அதற்குப் போக, துணி மூடிய தலைகளுக்கு முன்னால், ஒவ்வொன்றாகக் கடந்து நடக்க வேண்டும். மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தலை என் பக்கம் திரும்பியது. மெதுவாக ஆடியது.

இந்த ஊரில் அது வணக்கம் சொல்வது போல. ரோட்டில் முன்பின் தெரியாதவரும் அப்படித்தான் தலையசைப்பார். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் எனக்கு அது தையல்காரருக்கு ஆடிய தலை. மயங்கி விழுந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில், தொப்பென்று புல்லில் குந்தி, வாய்விட்டு அழுதேன். நாற்பது வயதை நெருங்கிய ஆம்பிளை.

பூசை நின்றுவிட்டது. எல்லோரும் என்னைச் சுற்றிக் குனிந்தார்கள். அதனால் அழுகை இன்னும் கூடியது. கீழே நிண்டு பாக்கிறன் என்ற மாஸ்டர் இரண்டாம் முறையாகத் தன் வாதத்தை மறந்து மேலே ஓடி வந்தார். வகுப்பில் பாடம் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி, இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். சாக்கு, ஜீப், தலையாட்டல். நான் அறையில் எப்போதோ சொன்ன தையல்காரரையும் அவர் விடவில்லை.

மாஸ்டர் சொல்லி முடித்தார்.

பிறகு, திசைகளைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பெண் தன் தலைத்துணியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அறுபது வயது இருக்கும். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. போஸ்ட் ஒபிஸ் கவுண்டரில் முத்திரை தருகிறவர் போல ஒரு முகம். யாருக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் தன்னுடையதைத் தள்ளினார். அடுத்தவர். அதற்கடுத்தவர். வழுக்கை, செம்பட்டை, பச்சைச் சாயம் பூசிய ஒன்று. வட்டம் முழுக்க நாற்பது வெறுந்தலைகள். எனக்குத் தலையசைத்தவர் ஒரு கிழவர். என் கையைப் பிடித்து "சொறி, சொறி" என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார்.

வாள்காரன் பையைக் கொண்டுவந்து தந்தான். இரண்டு பத்திரமும் உள்ளே இருந்தன. வாளைக் கீழே வைக்க மறந்துபோய்த்தான் ஓடி வந்தானாம். நாங்கள் புறப்பட முதல் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் பாணில் ஒரு துண்டு பிய்த்து, அப்பிளோடு என் கையில் வைத்து, மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். "போர்" என்று இங்கிலீஷில் நாலைச் சொன்னேன். அவளுக்கு விளங்கியது. மற்றவர்கள் துணியைத் திரும்பப் போடாமல் வெறுந்தலையோடே பூசையைத் தொடர்ந்தார்கள்.

வாள்காரனிடம் பழைய வான் ஒன்று இருந்தது. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், அங்கியோடேயே இறங்கிச் சொலிசிட்டர் கந்தோரின் கதவை எங்களுக்குத் திறந்துவிட்டான். வரவேற்பில் இருந்த பெண் அவனைப் பார்த்தாள், என் காற்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருஷம் மனைவியும் மகளும் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். மகள் என்னைக் கண்டதும் வீரிட்டு அழுது தாயின் சீலைக்குள் ஒளித்துக்கொண்டாள். என் மீசைக்குப் பயமாம். அந்த நாளில் எனக்குப் பெரிய மீசை. ஊரில் அதற்கு ஒரு மரியாதையே இருந்தது. "பிள்ளை ரெண்டு நாளில பழகிடும், விடுங்கோ" என்றாள் மனைவி. அன்று பின்னேரமே மீசையை வழித்துவிட்டேன். "இப்பதான் ஐசே உம்மைப் பாக்கப் பயமாக் கிடக்கு" என்றார் மாஸ்டர். மகள் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, மெதுவாக என் மடிக்கு வந்தாள்.

எதையும் பகிடியாக்கிவிடும் வாய் எனக்கு. இன்றைக்கும் அது மாறவில்லை. ஆனாலும் யாராவது ஓர் அற்ப விஷயத்துக்குப் பயந்து என் முன்னால் நின்றால், இதுக்கெல்லாம் பயமோ என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அன்று அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை.