வெல்லத்தில் ஊறும் குஞ்சு மத்தி

எங்கள் ஊருக்குக் கடல் தெர்மாகோல் பெட்டியில்தான் வரும். பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையார் லாரிகள் புழுதியை இறைத்துவிட்டுப் போகிற சாலையோரத்தில் எனக்கு மீன்கடை. கடலை நேரில் பார்த்தவர்கள் இங்கே குறைவு. ஆனால் பேச்சில் கடலுக்குப் பஞ்சமே கிடையாது. விலையைச் சொன்னால், "ஏனுங்க பாய், கடலையே கெரயம் பண்ணிட்டு வந்துட்டீங்களா?" என்பார்கள். வண்டி இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றால், "கடல் வத்திக் கருவாடு திங்கலாம்னு ஒடல் வத்திச் செத்துச்சாம் கொக்கு. அந்தக் கொக்கு நாந்தானுங்க" என்பார்கள். நல்ல பழமொழி சொல்கிறவர்களுக்குத் தராசில் ஒரு மீன் கூடுதலாக விழும். பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எடை போடும்போது காதில் விழுந்ததுதான்.

பெட்டியைத் திறக்கும்போது இன்றைக்கும் கை பரபரக்கும். ஐஸுக்குள் நாம் கேட்காததெல்லாம் சேர்ந்து வரும். ஒருமுறை கட்டைவிரல் அளவில் ஒரு கடல்குதிரை, ஒரு நெத்திலியைச் சுற்றி வாலை முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதில் ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும் என்று தெரிந்தபோது, மீன் வாங்க நின்ற ஒரு அம்மா, "எங்கூட்டுக்காரரைக் கூட்டியாந்து இதைக் காட்டோணும், இருங்க" என்று கிளம்பியே விட்டார். புதிதாகப் பிடித்த கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி விரியும். உயிர் போன பிறகும் நிறம் மட்டும் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். கரண்ட் போன ஒரு விடிகாலையில் பெட்டி மூடியைத் தூக்கினேன். உள்ளே மீன்கள் மங்கலான நீலத்தில் ஒளிர்ந்தன. பதறி மூடிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"அளியா, பயப்படாதே. அது கண்ணுக்குத் தெரியாத சின்ன ஜீவி. இருட்டில வலை வலிக்கும்போ எங்க கையெல்லாம் அப்படித்தான் மின்னும்" என்று சிரித்தார்.

மச்சான் என் தங்கையின் கணவர். மேற்கே கடற்கரைக்காரர். எனக்கு அவர் மச்சான், அவர் மலையாளத்தில் நான் அளியன். என்னிடம் பேசும்போது தமிழை இழுத்துப் பிடித்துக் கலந்து பேசுவார். கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு வள்ளம் வைத்திருந்தார். அப்பன் வழியில் வந்த தொழில் என்று பெருமை பேசமாட்டார். "வேற ஒண்ணும் அறியாது" என்பார். மத்திக் கூட்டம் வருவதைத் தண்ணீரின் நிறத்திலேயே கண்டுபிடிக்கலாமாம். கீழே இருந்து மேலே மழை பெய்கிற மாதிரி கடலின் முகம் துள்ளுமாம். ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நொடியில் ஒரே பக்கம் திரும்பும்போது தண்ணீருக்குள் யாரோ கதவைத் திறந்து மூடியது போலிருக்குமாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். பெருந்திமிங்கலத்தைப் பற்றிக்கூட அவர் அப்படிப் பேசியதில்லை.

எங்கள் பக்கம் தென்னையில் வெள்ளை ஈ விழுந்த காலம் அது. ஓலையெல்லாம் கரிப்புகை பிடித்த மாதிரி கறுத்தது. பெரிய தோப்பு வைத்திருந்த ஒரு அண்ணா, மருந்தடித்து அலுத்துப்போய் இயற்கை விவசாயத்துக்கு மாறினார். நல்ல மனிதர். எறும்புப் புற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிறவர். ஒருநாள் கடைக்கு வந்து, "பாய், தலை, குடலு, எதையும் வீசிப்போடாதீங்க. எனக்கு வேணும்" என்றார்.

மீனையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி டிரம்மில் போட்டு மூடி ஊறவிட்டு, வடிகட்டித் தண்ணீர் கலந்து மரத்துக்குத் தெளிப்பது அவர் முறை. மறையூரிலிருந்து உடைந்த வெல்லம் மூட்டை மூட்டையாக வந்தது. சில வாரத்தில் மீன் நாற்றம் அடங்கி, பழுத்த பழத்தின் வாசம் வந்தது. மரம் தேறியது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே தேறியது. பாளை பச்சையாக வெடித்ததைக் கூட்டிப்போய்க் காட்டினார். குப்பைக்குப் போனது மரத்துக்குப் போகிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு அடுத்த தோப்பு, அதற்கடுத்த தோப்பு. எல்லோருக்கும் டிரம். எங்கள் சுற்றுவட்டார மீன்கடைகளின் தலையும் குடலும் எத்தனை தோப்புக்குப் போதும்? மீன் கொண்டுவரும் வண்டிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியில் மேலே நல்ல மத்தி ஒரு அடுக்கு, அடியில் முழுக்கக் குஞ்சு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கண் மட்டும் பெரிது.

"கடைக்கு ஆகாது பாய், தோப்புக்கு ஆகும்" என்றார்.

"பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதே?"

"சட்டம் மேல் அடுக்கைத்தானே பார்க்குது!"

அன்றைக்கு மச்சானிடமிருந்து போன். "அளியா, அங்க குஞ்சு வருதா?"

"வருது மச்சான்."

"வாங்காதே. முன்னே வலையில குஞ்சு கண்டா கடல்லயே விட்டிட்டுப் போவாங்க, வாங்க ஆளில்லை. இப்போ கரையில ஆள் காத்து நிக்கிறான். கோழித்தீவனக்காரன் போதாதுன்னு உங்க தென்னைமரமும் வந்தாச்சு. இந்த மழைக்கு மத்தி வரல்லேன்னா வள்ளத்தை விக்கணும். பின்னே நான் என்ன செய்ய?"

நான் வாங்கவில்லை. வண்டி என் கடையைத் தாண்டி நேரே தோப்புகளுக்குப் போகத் தொடங்கியது. அவ்வளவுதான் நடந்த மாற்றம்.

மாதத்தில் ஒருநாள் தோப்புக்காரர்கள் அந்த அண்ணாவின் களத்தில் கூடுவார்கள். மனசு பொறுக்காமல் போய் நின்றேன். குஞ்சு வேண்டாம், பழையபடி கழிவை மட்டும் போடுங்கள், எனக்குத் தெரிந்த கடைகளிலெல்லாம் சொல்லிச் சேர்த்துத் தருகிறேன் என்றேன்.

பின்னால் ஒருவர், "பாய்க்கு யேவாரம் படுத்துப்போச்சு. அதான் மீன் மேல திடீர்னு பாசம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "கடல் வத்திப்போயிருமாக்கும்? கொக்குக் கதை நம்ம பாய்க்கே மறந்துபோச்சா?" என்றார்.

அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. "சொல்லுங்க பாய்" என்றார்.

"வெதநெல்லை யாராச்சும் உரத்துக்குப் போடுவாங்களா அண்ணா? இது கடலோட வெதநெல்லுங்க. இன்னும் ஒருக்காகூட முட்டை வெக்கலீங்க."

அண்ணா மோர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். "வெதநெல்லுன்னா அதுக்கு ஒரு களம் வேணும், காவலுக்கு ஒரு ஆளு வேணும். கடல் யாரோட களம் பாய்? எம்பட மரம் சாகக் கெடந்துச்சு, நீங்களே பாத்தீங்க. நான் நிறுத்துனா இதா இவரு ரெண்டு பெட்டி சேத்தி வாங்குவாரு. மீனு உசுரோட திரும்பிக் கடலுக்கா போகப்போகுது?"

குடித்த மோருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் கொக்குதான் மனதில் நின்றது. கடல் வற்றாது என்ற நம்பிக்கையில்தானே நம்முடைய ஆட்கள் அந்தக் கொக்கைப் பார்த்து இத்தனை காலம் சிரித்தார்கள்? தண்ணீர் வற்றவேண்டியதில்லை. அலை அப்படியே அடித்துக்கொண்டிருக்கும், கரையில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. உள்ளே கதவைத் திறந்து மூட ஆள் இருக்காது. அதையும் வற்றல் என்றுதான் சொல்லவேண்டும். கடலுக்குக் களமும் இல்லை, காவலும் இல்லை என்றால், அதில் கைவைக்கிற ஒவ்வொருவரும்தான் காவல். அறுபது மைல் தள்ளி மரம் வைத்திருப்பவரும்கூட. இது எனக்கு அன்று களத்தில் தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

மழை வந்தது. மச்சான் போன் செய்தபோதெல்லாம் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. கடலுக்குப் போனார்கள், டீசலை எரித்தார்கள், வலையை நனைத்தார்கள், திரும்பினார்கள். மழை முடிந்த கையோடு வள்ளம் கைமாறியது. தங்கை அழவில்லை. "அண்ணே, அங்க இவருக்கு ஒரு வேலை பாரு" என்று மட்டும் சொன்னாள்.

மச்சான் ஒரு பையோடு வந்து இறங்கினார். கடல்காரருக்கு எங்கள் ஊரில் என்ன வேலை கிடைக்கும்? மரம் ஏறத் தெரியாது, மண்வெட்டி பிடித்தால், வலை இழுத்துக் காய்த்த உள்ளங்கை வேறு இடத்தில் கொப்பளித்தது. விஷயம் அண்ணாவின் காதுக்குப் போயிருக்கிறது. "அனுப்பி வையுங்க பாய். அவருக்கு மீன் நாத்தம் பழக்கம். டிரம்மைப் பாத்துக்கட்டும்" என்றார். மனதார உதவியாகத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மச்சான், "பசிக்கு என்ன நாத்தம், என்ன வாசம் அளியா?" என்று சட்டையை மாட்டினார்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். தென்னை நிழலில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. புதிதாக நிரப்பிய ஒன்றின் மூடியை அவர் திறந்தார். கருத்த பாகில் வெள்ளிக் குஞ்சுகள் இன்னும் கரையாமல் கிடந்தன. கிளறும் கம்பை எடுத்தவர் நின்றார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். வயிற்றை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தார். உள்ளே சினை இல்லை. திரும்ப உள்ளேயே போட்டுவிட்டுக் கிளறத் தொடங்கினார்.

மத்தியானம் அண்ணா இளநீர் வெட்டித் தந்தார். நல்ல இனிப்பு. அப்போது தங்கையிடமிருந்து போன் வந்தது. மச்சானின் கை பிசுக்காக இருந்ததால் நான்தான் அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"என்ன வேலைங்க குடுத்தாங்க?"

"மீன் பணி தன்னே" என்றார்.

"மீனா? கடலே இல்லாத ஊருல ஏது மீனு?"

அவர் டிரம்மின் வாயில் துணியைப் போட்டு, கயிற்றைச் சுற்றி, இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.