சின்னவள் கணினியை மாற்றிய சனிக்கிழமை

சின்னவளுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் இன்னும் சின்னவள்தான். பிறவியிலேயே கண் தெரியாது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிதாகக் குறை ஒன்றும் கிடையாது. அவளுடைய குறையெல்லாம் கண் தெரிந்தவர்களைப் பற்றித்தான். துணிக்கடைக்குப் போனால், வாங்க வந்தவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம், "இவங்களுக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்பார்கள். "இவங்களுக்கு வாய் இருக்கு, இவங்களையே கேளுங்க" என்று சின்னவள் பதில் சொல்வாள். அக்கா சங்கடப்பட்டுப் போய் முழங்கைக்கு மேலே கிள்ளுவாள். அந்தக் கிள்ளலுக்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை அவள்.

ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்த டாக்டர் எப்போது இருப்பார், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பல வருடம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த வேலை. இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஒரு காதில் அழைத்தவர் பேசுவார், மறு காதில் கணினி பேசும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அது. அவள் வைத்திருக்கும் வேகத்தில் அதைப் பிறர் கேட்டால், தகர டப்பாவில் கடுகு கொட்டுகிற சத்தம் மாதிரிதான் இருக்கும். அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். போனில் அழுபவரை ஒரு பக்கம் தேற்றிக்கொண்டே, மறு பக்கம் அவருக்கான நேரத்தைப் பிடித்துப் பதிந்து முடித்துவிடுவாள்.

அந்தக் கணினிக்குத்தான் ஆபத்து வந்தது. அதில் இருந்த இயங்குதளம் பழசாகிவிட்டதாம். இந்த மாதக் கடைசியோடு, புதிய இயங்குதளம் போடாத கணினிகளில் மருத்துவமனையின் மென்பொருள் திறக்காது என்று அறிவிப்பு வந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு நாள் தலைவலி. சின்னவளிடம் மட்டும் மேற்பார்வையாளர் தனியாகப் பேசினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். இதைப் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், அலுவலகத்துக்கே வந்து விசாரணை மேசையில் இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள் என்றார். அங்கே என்ன வேலை என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லலாம் என்றார்.

"வணக்கம் சொல்றதுக்கு ஒரு பொம்மை வாங்கி வையுங்க சார். நான் என் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் பழைய கதை நினைவுக்கு வந்தது. இதற்கு முன் ஒரு தடவை இப்படி மாற்ற வேண்டி வந்தபோது அத்தான்தான் மாற்றிக் கொடுத்தார். அத்தான் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவர். சுவரில் செருகுகிற எந்தச் சாமானும் தனக்கு அத்துப்படி என்பது அவருடைய நினைப்பு. அன்றைக்கு எல்லாவற்றையும் புதுசாகப் போட்டுவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்களே, இது வைரஸாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, வாசிக்கும் குரலையே அடியோடு அழித்துவிட்டார். அப்புறம் கணினி வெறும் தகரப் பெட்டி. சரி செய்ய ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு வாரம் விடுப்பு போட்டுவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தானுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரியே தெரியவில்லை. முன்னைவிட எவ்வளவு வேகமாக இருக்கிறது பார் என்று பெருமையாகக் கேட்டார்.

ஆகவே இந்த முறை அக்கா போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அத்தானை அனுப்புகிறேன் என்றதும், சின்னவள் வேண்டாம் என்றாள். பிறகு யார் செய்வார்கள் என்று அக்கா கேட்டாள். நான் செய்வேன் என்றாள். அக்கா சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும்; உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

சின்னவள் அடுத்ததாக அழைத்தது ரேடியோவை. அவனும் பார்வையற்றவன்தான், பள்ளியில் கூடப் படித்தவன், இப்போது தூரத்து ஊர் ஒன்றில் வாத்தியார். வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டான் என்பதால் சின்ன வயதிலேயே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அவன் தன் கணினியைத் தானே மாற்றியிருந்தான். புதிய இயங்குதளத்தை நிறுவும்போதே அதற்குள் ஒரு குரல் ஒளிந்திருக்கிறது, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுந்து பேசும் என்றான். முதலில் உள்ளதையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வை, பிறகு நிறுவுவதற்கான பென்டிரைவ் தயார் செய், குரல் எழுந்த பிறகு அவசரப்படாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நடுநடுவே தன் தலைமை ஆசிரியரைப் பற்றி நாலு கதையும் சொன்னான். கதைகளைத் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் அவள் மனசில் ஏற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் துணி துவைத்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டிய கோப்புகளை முந்தின நாளே எடுத்து வைத்தாயிற்று. பென்டிரைவைச் செருகி, கணினியை அணைத்து, மறுபடி போட்டாள். விசிறி சுழல்கிற சத்தம் கேட்டது. சிறிது நேரம் விட்டு மூன்று விசைகளையும் அழுத்தினாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். விரலை மாற்றி அழுத்தினாள். பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்; சூடாகத்தான் இருந்தது, உள்ளே ஏதோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பேச்சு மூச்சு இல்லை. அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே மௌனம். ரேடியோவுக்குப் போன் செய்தாள். ஓயாமல் பேசுகிறவன் அன்றைக்கென்று போனை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பூட்டில் சாவி திரும்பியது. அக்காவிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. பின்னாலேயே அத்தானின் செருப்புச் சத்தம். நிலைமை என்னவென்று சின்னவள் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நினைத்த மாதிரியே ஆச்சு பார் என்று அக்கா ஆரம்பித்தாள். அத்தான் சட்டைக் கையை மடிக்கிறார் என்பது துணி உரசுகிற ஒலியிலேயே தெரிந்தது. சின்னவள் நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, விசைப்பலகையின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள்.

"தொடாதீங்க அத்தான்."

"தொடலம்மா. திரையில என்ன வந்திருக்குன்னு பார்க்க மட்டும்தான் போறேன்" என்று சொல்லி, அவர் எட்டித் திரையின் மேல் கிடந்த துண்டை விலக்கி, அதன் பொத்தானை அழுத்தினார்.

உடனே திரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிக நிதானமாக, விசைப்பலகையைத் தேர்வு செய்யவும் என்றது.

சின்னவளுக்குத்தான் முதலில் விளங்கியது. அந்தத் திரைக்குள்ளேயே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. தனக்குத் தேவையில்லாத வெளிச்சத்துக்கு எதற்கு வீணாக மின்சாரம் என்று வருடக்கணக்காக அவள் திரையைப் போட்டதே இல்லை. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியும் வைத்திருந்தாள். நிறுவும் நிரலுக்கு அவளுடைய ஹெட்போன் தெரியவில்லை, திரை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பாவம், அந்தக் குரல் காலையிலிருந்து அணைந்து கிடந்த திரைக்குள் பேசிப் பேசி ஓய்ந்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் போட்டதால்தான் பேசியது என்று அத்தான் சொன்னார். உண்மைதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அவர் அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்; அவளும் இன்றைக்கும் மறுப்பதில்லை.

ஆனால் நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. அத்தான் பின்னால் நின்றுகொண்டு திரையில் வருவதையெல்லாம் உரக்க வாசிக்க ஆரம்பித்தார். குரலும் வாசித்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"அத்தான், ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா நான் யார் சொல்றதைக் கேட்கிறது? இது முடியற வரைக்கும் நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். சோபாவில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். சின்னவள் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு, அம்புக்குறியை நகர்த்தி, தேர்ந்து, அடுத்ததற்குப் போனாள். குரல் ஆமை வேகத்தில் பேசியது. அதன் வேகத்தைக் கூட்டவும் வழி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். மறுபடி கேட்டது, கொடுத்தாள். நிறுவி முடித்து, ஆரவாரமாக வரவேற்பு சொல்லி, உள்ளே போகக் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தாள். தவறு என்றது. நிதானமாக மறுபடி கொடுத்தாள். தவறு என்றது. எத்தனை முறை கொடுத்தாலும் அதே பாட்டைத்தான் பாடியது.

சோபாவிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. ஆரம்பத்தில் விசைப்பலகை கேட்ட இடத்தில் நீ ஏதோ வேற்று நாட்டு விசைப்பலகையைத் தேர்ந்துவிட்டாய், எழுத்துகள் அங்கே இடம் மாறியிருந்திருக்கும், இப்போது அது வழக்கமான விசைப்பலகைக்குத் திரும்பிவிட்டது என்று அத்தான் இறங்கிய குரலில் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அம்புக்குறி ஒரு படி கூடுதலாக இறங்கியிருக்கிறது. அதைக் குரல் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அக்கா அவர்மேல் பாய்ந்தாள். பேசக் கூடாது என்று சொன்னாளே என்றார் அவர்.

அக்காவுக்கு அப்போதுதான் உடைந்தது. சின்ன வயதிலிருந்து கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவள் அவள். எதற்கு இந்த வீம்பு, மூணு மணி நேரம் வீணாய்ப் போச்சே, திங்கட்கிழமை வேலை போய்விட்டால் என்ன செய்வாய், எனக்குப் பிறகு உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள். சின்னவள் திரும்பி, அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நான் இருக்கேன்க்கா. அத்தான் சொல்லாம இருந்ததே நல்லது. அவர் பண்ணின தப்புக்கு ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் பண்ணினதுக்கு ஒரு சாயங்காலம்தானே போகும்? என் தப்பை நானே பண்ணிக்கிறேன், நானே திருத்திக்கிறேன். நீ போய் டீ போடு."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். சின்னவள் மறுபடி பென்டிரைவைச் செருகி, முதல் படியிலிருந்து தொடங்கினாள். இந்த முறை விசைப்பலகை கேட்ட இடத்தில் பெயரை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு நகர்ந்தாள். அத்தான் அந்த வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் கூப்பிடுகிற நேரத்தில் கணினி அவளைப் பெயர் சொல்லி உள்ளே விட்டது. குரலின் வேகத்தை ஏற்றினாள். கடுகு கொட்டத் தொடங்கியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டதும், ஹெட்போனை அடையாளம் காட்டிக் குரலைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தன் நேரத்துக்கு முன்பே மருத்துவமனையின் மென்பொருளைத் திறந்தாள். திறந்தது. ஆனால் அவர்களும் இந்தச் சாக்கில் அதை மாற்றியிருந்தார்கள். முன்பு ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் இருந்தது. குரல் அதைச் சொல்லும். இப்போது பெயருக்குப் பதில் படம். குரலுக்குப் படம் தெரியாதே. எங்கே போனாலும், பட்டன், பட்டன், பட்டன் என்றது. தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து, எது எதற்கு என்று கண்டுபிடித்து, அன்றைக்கு வந்த அழைப்புகளை எப்படியோ சமாளித்தாள். ஒருவரைக் குழந்தை நல மருத்துவருக்குப் பதில் எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, மறுபடி அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

மாலையில் மேற்பார்வையாளரை அழைத்தாள். அவர் ஆச்சரியப்பட்டார், விசாரணை மேசைக்கு நாற்காலி கூடப் போட்டாயிற்று என்றார். பொத்தான் விஷயத்தைச் சொன்னாள். போகப் போகப் பழகிவிடும், இல்லையென்றால் மேசைதான் இருக்கவே இருக்கிறதே என்றார். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. குரலைத் திரையின் ஒலிபெருக்கிக்கு மாற்றி, போனை அதன் பக்கத்தில் வைத்து, வேகத்தைக் குறைத்துவிட்டு, பொத்தான்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தாள். பட்டன். பட்டன். பட்டன். அவள் விடவில்லை, மேலிருந்து கீழ் வரைக்கும் போனாள்.

"இப்போ ஒருத்தர் நெஞ்சு வலின்னு கூப்பிடறார் சார். இதுல எதை அழுத்தினா ஆம்புலன்ஸ் பிரிவுக்குப் போகும்னு நீங்க சொல்லுங்க. நான் பழகிக்கிறேன்."

அவர், மென்பொருள் போட்டவர்களிடம் பேசுகிறேன் என்றார். பேசவும் செய்தார். அதற்கு நடுவில் அவள் இரண்டு முறை நினைவூட்டினாள்; இரண்டாம் முறை அவருக்கு மேலே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டாள். கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறாள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டதாக யாரோ அவள் காதில் போட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தாள்.

ஒரு காலையில் மென்பொருளைத் திறந்தபோது பொத்தான்களுக்கெல்லாம் பெயர் வந்திருந்தது. அவசரம் என்றது குரல், ஆம்புலன்ஸ் என்றது, மருத்துவர் பட்டியல் என்றது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போனாள். மருந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து விட்டுப்போய், மருகம் என்று இருந்தது. போனை எடுத்து மறுபடி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.