ஃபார்மலினில் போட்ட மண்ணீரல்

தொண்ணூறுகளின் நடுவில், திருவாடானைப் பக்கம் கால்நடை மருத்துவராக எனக்கு முதல் வேலை. சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். வாடகை அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேச ஆளில்லாமல் அழுதுகூட இருக்கிறேன்.

அந்தக் கோடையில் ஓர் அம்மா செத்த கோழியைச் சாக்கில் கொண்டுவந்தார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கூலி வேலையும் பத்துப் பன்னிரண்டு கோழிகளும்தான் அவருக்கு. ஒன்றைத் தவிர எல்லாம் செத்துவிட்டன. “பக்கத்து வீட்டு ஓரகத்திதான் மருந்து வச்சுட்டா டாக்டரம்மா. சோதிச்சு எழுதிக் குடுங்க, ஊர்க் கூட்டத்துல காட்டணும்” என்றார். அறுத்துப் பார்த்ததுமே வெள்ளைக் கழிச்சல் என்ற வைரஸ் நோய் என்று தெரிந்தது. சொன்னேன், நம்பவில்லை. மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காகிதம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

வெயிலில் பஸ் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகி எல்லாம் நாறிவிடுமே என்று மண்ணீரலையும் மூளையையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பினேன். பதில் வந்தது: ஃபார்மலினில் வைரஸ் செத்துவிடும், வளர்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஐஸில் வைத்துப் புதிதாக அனுப்பவும். கல்லூரியில் ஆரம்பப் பாடமே அதுதான். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

தவறு என்னுடையது என்று அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. “இன்னொரு கோழி வேணுமுங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மிஞ்சியிருந்த ஒன்றையும் தூக்கி வந்தார். நோயில் அதற்கும் கழுத்து லேசாகத் திரும்பியிருந்தது; ஆனாலும் இரை எடுத்தது. விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். “வீட்டுக்குள்ள எங்கூடச் சுத்துறது இது ஒண்ணுதான். பரவாயில்ல, எடுத்துக்கங்க” என்று கொடுத்துவிட்டு வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

அதை அறுத்து எடுத்ததைத் தொண்டியில் மீனுக்கு வைத்திருந்த ஐஸில் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானே மதுரைக்குப் போனேன். வைரஸ்தான் என்று காகிதம் வந்தது. படித்துக் காட்டியதும் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். “ஓரகத்திகூடச் சண்டை போட்டாச்சும் நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருந்தேன். இனிமே அதுவும் இல்ல” என்றார். போகும்போது, “எனக்காக இம்புட்டு அலஞ்சீகளே” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதும் என் தவறை நான் சொல்லவில்லை.

அதன் பிறகு எந்தத் தவறானாலும் அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொல்லியே ஆகவேண்டிய அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லாமலே மாற்றலாகி வந்துவிட்டேன்.