அண்ணன் என்று சொன்ன ஆள்

டோங்கா தீவுகளில் பாங்காய் என்ற ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் லெசியேலிக்குப் பகல் வேலை. படுத்துக் கிடப்பவர்களைத் துடைக்க வேண்டும், புரட்டிப் போட வேண்டும், ஊட்ட வேண்டும். வெள்ளியும் சனியும் சாயங்காலம் இன்னொரு வேலை. பெனிசிமானியின் தகரக் கொட்டகையில் படம் சொல்வாள்.

படம் ஆங்கிலத்தில் பேசும். ஊருக்கு டோங்கா மொழிதான் தெரியும். திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று யாராவது உரக்கச் சொன்னால்தான் கூட்டம் வரும். முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர் பக்கவாதத்தில் பேச்சிழந்தார். அவரைக் குளிப்பாட்டியவள் லெசியேலி. அவளுக்கு ஆங்கிலம் தெரியும், வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும் குரலும் இருந்தது. பெனிசிமானி பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழே காதல் பேச்சைக் கேட்கக் கூடாது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள்கூட அந்த ஊரில் அண்ணன் தங்கைதான். கொட்டகைக்குள் நுழையும் ஆண் முதலில் திரையைப் பார்க்க மாட்டான். பெண்கள் பக்கம் பார்ப்பான். தங்கை முறையுள்ள ஒருத்தி இருந்தால் வெளியே போய்விடுவான். லெசியேலி பெட்டி ஏறிய நாளிலிருந்து அவள் அண்ணன் செமிசி கொட்டகைப் பக்கமே வந்ததில்லை. நான்கு வருஷம்.

ஒருநாள் ஒரு சுவரொட்டி வந்தது. ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டுப் பண்ணை, ஒருத்தி, ஒருவன். கீழே, இன்ன புத்தகத்திலிருந்து எடுத்தது என்று பொடி எழுத்து. டாக்டரின் மனைவியிடம் அந்தப் புத்தகம் இருந்தது. லெசியேலி மூன்று முறை படித்தாள். போரிலிருந்து அண்ணன் திரும்புகிறான். மழையில்லாத பண்ணையைத் தங்கை தனியாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் ஆயிரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தேடிப் போகிறார்கள்.

"இது அண்ணன் தங்கச்சி படம். ரெண்டு பேரும் ஆடு ஓட்டிட்டு ஆத்தத் தேடிப் போறாங்க. எல்லாரும் குடும்பத்தோட வாங்க," என்று ஊரெல்லாம் சொன்னாள்.

படக்கருவி ஓட்டும் கிதியோனேக்கு அறுபது வயது. முத்தம் வரும்போது லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி மறைப்பதும் அவர் வேலை.

"மாமா, இன்னிக்கு உங்க கைக்கு வேலையில்ல," என்றாள் லெசியேலி.

"அப்பாடா. ஒரு கையால கடலை தின்னலாம்."

ரீல்கள் அன்று மதியம்தான் கப்பலில் வந்தன. ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவள் கேட்டாள். பல்பு தேயும் என்று பெனிசிமானி மறுத்தார். "தலைநகர் நூக்குஅலோஃபாவுல படம் சொல்ற சோசாயா முன்னாடி பாக்காமலே சொல்றானாம். இங்க வரணும்னு மூணு கடுதாசி போட்டுட்டான், தெரியுமா? இன்னிக்கு ஒரு குளறுபடி வந்துச்சுன்னா அவனக் கூப்பிட்டுக்குவேன்."

கொட்டகை நிறைந்தது. அண்ணன்களும் தங்கைகளும் ஒன்றாக வந்தார்கள். கடைசி வரிசையில், அந்த ஊர் ஆண்கள் மரியாதைக்கு உடுத்தும் பாயைப் புதிதாக இடுப்பில் கட்டிக்கொண்டு, செமிசி.

முதல் ரீலில் ரயிலிலிருந்து ஒருவன் இறங்கினான். ஒருத்தி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒலிபெருக்கி கரகரத்தது, ஒரு சொல்லும் தெளிவில்லை. லெசியேலிக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அண்ணன் வந்துட்டான்! ஆறு வருஷம் கழிச்சு வந்துட்டான்! பாருங்க, தங்கச்சி முன்னால தொப்பியக் கழட்டிட்டான். மரியாதை தெரிஞ்சவன்!"

கொட்டகை அழுதது. அவளும் விடவில்லை. அவன் வேலி கட்டினால் தங்கைக்காக. குடிக்காமல் தண்ணீரை மிச்சம் வைத்தால் தங்கைக்காக. செமிசி முழங்கையால் கண்ணைத் துடைப்பது அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது ரீலில், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், அவன் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து முத்தம் கொடுத்தான்.

கிதியோனேயின் கை கடலைப் பொட்டலத்துக்குள் இருந்தது.

கொட்டகை அலறியது. பெண்கள் தலையை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் பெஞ்சுகளைத் தாண்டி வெளியே ஓடினார்கள். செமிசி தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனான். அதுதான் அவளுக்கு வலித்தது.

பெனிசிமானி பெட்டிக்கு ஓடிவந்தார். "கனவுன்னு சொல்லு! அவ கனவு காணுறான்னு சொல்லிடு!"

"யாராவது அண்ணனப் பத்தி இப்படிக் கனவு காணுவாளா, முதலாளி? அது இதவிட மோசம். இன்னும் நாலு ரீல் இருக்கு."

தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மறைக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும், சத்தமாக.

"மாமா, படத்த நிறுத்துங்க. கதவத் தொறங்க."

சாயங்கால வெயில் உள்ளே வந்தது. வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி அவள் பேசினாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். இவங்க அண்ணன் தங்கச்சி இல்ல. புத்தகத்துல அண்ணன் தங்கச்சி. படம் எடுத்தவங்க மாத்திட்டாங்க. நான் புத்தகத்தப் படிச்சிட்டு, படத்தப் பாக்காம வாயத் தொறந்துட்டேன்."

"அரைமணி நேரம் அழுதேனேடி! அந்தக் கண்ணீர யாரு திருப்பிக் குடுப்பா?" என்றாள் கடலை விற்கும் ஃபூசி.

"எதுக்கு மாத்தினானுங்க?" என்று வாசலிலிருந்து ஓர் ஆள் கேட்டான்.

"அண்ணன் தங்கச்சிய வச்சா கூட்டம் வராதுன்னு நெனச்சிருப்பாங்க."

"கூட்டம் வராதா? கிறுக்கனுங்க! இங்க வந்து பாக்கச் சொல்லு!"

சிரித்தார்கள். சிரித்தால் பாதி சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். "முதல் ரீல்லேருந்து திரும்ப ஓட்டப் போறோம். இவன் அண்ணன் இல்ல, கட்டிக்கப் போறவன். தங்கச்சிமார் உள்ள இருந்தா அண்ணன்மார் வெளிய இருங்க."

"பல்பு!" என்றார் பெனிசிமானி. "ஓட்டினா திங்கக்கெழம சோசாயாவுக்குத் தந்தி போயிடும்."

"போடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பெட்டி என்னுது. மாமா, சுத்துங்க."

கிதியோனே முதலாளியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ரீலைச் சுற்றினார்.

அதே முகங்கள், அதே ரயில், அதே தொப்பி. அவள் சொன்னது மட்டும் வேறு கதை. தொட்டிக் காட்சியில் உள்ளங்கை சரியான நேரத்தில் வந்தது. படம் முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அந்த அண்ணன் என்ன ஆனான்?" என்றாள் ஃபூசி. "ஆடு ஓட்டிட்டுப் போனானே, அவன்."

"அது படத்துல இல்லையே."

"படம் யாருக்கு வேணும்? நீ சொல்லு."

வெறும் திரைக்கு முன்னால் நின்று லெசியேலி புத்தகத்தைச் சொன்னாள். வெளியே நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். புத்தகத்தில் தங்கை வழியில் காய்ச்சலில் படுக்கிறாள். அண்ணன் அவளைச் சுமந்துகொண்டு நடக்கிறான். டோங்காவில் எந்த அண்ணனும் அப்படித் தொட்டுத் தூக்க மாட்டான். அவள் அதை மாற்றினாள். அண்ணன் கம்புகளை வெட்டித் தூளி கட்டி, ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை ஒரு கிழவனிடம் கொடுத்தான். கிழவன் புத்தகத்தில் இல்லை. படம் எடுத்தவர்கள் மாற்றலாம் என்றால் அவளும் மாற்றலாம். நோயாளியைத் தூளியில் தூக்குவது எப்படி என்று அவர்களைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆறு வந்தபோது கடைசி வரிசையில் புதுப் பாய் கட்டிய ஆள் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை பெனிசிமானி வார்டுக்கு வந்தார். அவள் ஒரு கிழவரைப் புரட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"தந்தி போடல," என்றார். "புத்தகக் கதைய இன்னொரு தடவ சொல்வியான்னு கேக்கறாங்க."

"சொல்றேன். ஆனா இனிமே ஒவ்வொரு படத்தையும் காலையில எனக்கு முழுசா ஓட்டிக் காட்டணும்."

"பல்பு தேயும்மா."

"தேயட்டும். அந்தத் துணிய எடுங்க. இவர் காலப் பிடிங்க, அப்படியில்ல, முழங்காலுக்குக் கீழ."

அவர் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை காலிக் கொட்டகையில் புதுப் படம் ஓடி முடிந்தது. லெசியேலி நோட்டை மூடினாள்.

"மாமா, கடலையக் கீழ வைங்க. இதுல உங்க கைக்கு நாலு தடவ வேலை இருக்கு."